எங்கே வெட்டுவது: கழற்றி மாட்டும் டிஸ்க் கார்ட்ரிட்ஜையும் அதன் டிரைவையும் வடிவமைக்கும் முறை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கணிப்பொறி அறையிலிருந்து என்னை அவசரமாக அழைத்தார்கள். டிஸ்க் டிரைவ் ஒன்று படிக்க மறுக்கிறது, உள்ளே ஏதோ கீச்சிடுகிறது என்பது புகார். நான் போய்ச் சேர்வதற்குள் அங்கிருந்த ஆபரேட்டர் தாமே சோதித்துப் பார்த்திருந்தார். கோளாறு டிரைவிலா, டிஸ்க்கிலா என்று தெரிந்துகொள்ள, அந்த டிஸ்க் பேக்கை எடுத்து அடுத்த டிரைவில் மாட்டியிருக்கிறார். அங்கும் கீச்சிட்டது. மூன்றாவதிலும் மாட்டினார். பிறகு, முதல் டிரைவாவது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, நல்ல பேக் ஒன்றை அதில் வைத்தார். நான் மூடியைத் திறந்தபோது தட்டுகளில் வளையம் வளையமாக அலுமினியம் பளிச்சிட்டது. அடித்தட்டில் படிந்திருந்த பழுப்புப் பொடியை விரலால் தொட்டேன். முகப்பவுடரைப் போல அத்தனை மென்மை. தட்டின் மேல் பூசியிருந்த காந்தப் பூச்சுதான் அந்தப் பொடி. அவர்கள் எழுதி வைத்த கணக்கெல்லாம் அதில்தான் இருந்தது. 3 டிரைவுகளும் 2 பேக்குகளும் போயின.

அந்த ஆபரேட்டர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. நிதானமான மனிதர் யாரும் அதைத்தான் செய்வார். கெட்ட தட்டு, அதைப் படித்து எழுதும் நல்ல ஹெட்டைக் கெடுத்தது, கெட்ட ஹெட் அடுத்த நல்ல தட்டைக் கெடுத்தது. இந்தத் தொற்றைத் தடுக்க அந்த இயந்திரத்தில் எதுவும் இல்லை என்பதே தவறு. கழற்றி மாட்டும் டிஸ்க்கை, அதாவது உறைக்குள் தட்டு இருக்கும் கார்ட்ரிட்ஜை, வடிவமைக்க உட்காரும் எவரும் வேகம், கொள்ளளவு எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் தாளின் முதல் வரியில் எழுத வேண்டும் என்று நான் கருதுகிறேன்: கெட்ட கார்ட்ரிட்ஜால் நல்ல டிரைவ் கெடக் கூடாது, கெட்ட டிரைவால் நல்ல கார்ட்ரிட்ஜ் கெடக் கூடாது.

சங்கிலியை வெட்டும் இடம்

டிஸ்க் டிரைவ் ஒரு சங்கிலி. தட்டு, அதைத் தாங்கும் ஸ்பிண்டில், மோட்டார், படித்து எழுதும் ஹெட், ஹெட்டை நகர்த்தும் கை, மின்சுற்று என்று தொடரும். கழற்றி மாட்ட வேண்டுமென்றால் சங்கிலியை ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். மற்ற முடிவுகள் அனைத்தும் அந்த வெட்டைப் பின்தொடரும்.

ஐபிஎம் 1962இல் கொண்டுவந்த 1311 டிரைவில் வெட்டு தட்டுக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே விழுந்தது. 14 அங்குலத் தட்டுகள் 6 கொண்ட அடுக்கு, சுமார் நாலரைக் கிலோ எடை, கையால் தூக்கி வைக்கலாம். ஃபிளாப்பியும், பின்னாளில் வந்த சைக்வெஸ்ட் கார்ட்ரிட்ஜும் வெட்டியது அதே இடத்தில்தான். 1973இல் ஐபிஎம் 3340 வந்தபோது வெட்டு நகர்ந்தது: தட்டு, ஹெட், கை மூன்றையும் ஒரே மூடிய பெட்டிக்குள் வைத்தார்கள். ஹெட் எப்போதும் தன் தட்டையே படிக்கும். வெளித்தூசிக்கு உள்ளே வேலை இல்லை. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் விலையுயர்ந்த ஹெட்டுகளை வாங்க வேண்டியிருந்தது. அதன்பின் வந்த 3350இல் கழற்றும் வசதியே கைவிடப்பட்டது. 2004இல் வந்த ரெவ் கார்ட்ரிட்ஜில் தட்டும் மோட்டாரும் உள்ளே, ஹெட் டிரைவில். ஆர்டிஎக்ஸ் கார்ட்ரிட்ஜில் முழு 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கையே அதிர்ச்சி தாங்கும் உறைக்குள் வைத்து, வெட்டைக் கனெக்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

டிரைவை ஒருமுறை வாங்குவார்கள், கார்ட்ரிட்ஜைப் பலமுறை வாங்குவார்கள். ஆகவே கார்ட்ரிட்ஜுக்குள் போகும் ஒவ்வொரு திருகும் பல மடங்காகப் பெருகும். மறுபக்கம், தட்டில் டேட்டா எழுதும் வட்டத் தடங்கள் நெருங்க நெருங்க, தட்டையும் ஹெட்டையும் பிரிப்பது கடினமாகிக்கொண்டே போகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வெட்டு விழும். நான் செய்வது இது: சங்கிலியை ஒரு தாளில் வரைந்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டைக் கடந்து போகும் அனைத்தையும் எழுதுவேன். விசை, சுழற்சி, சிக்னல், காற்று, வெப்பம், நிலைமின்சாரம், தூசி, மனித விரல். பட்டியல் நீண்டால் வெட்டு தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது.

இனி வருவது பெரும்பாலும் மிகக் கடினமான வெட்டைப் பற்றியது, அதாவது தட்டு மட்டும் கழலும் வகை. அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவருக்கு மற்றவை எளிது.

உட்காரும் இடம்

உறை வேறு, தட்டு வேறு. இந்த இரண்டையும் தனித்தனியாக நிலைநிறுத்த வேண்டும். உறையை டிரைவின் சட்டத்தில் இரண்டு முளைகள் பிடிக்கட்டும்: ஒன்றுக்கு உறையில் வட்டத் துளை, மற்றதற்கு நீள்துளை. இரண்டும் வட்டமாக இருந்தால், வெயிலில் கிடந்து சற்றே விரிந்த உறை முளைகளில் இறங்காது. வாடிக்கையாளர் அழுத்தி இறக்குவார், உறை வளையும். உயரத்தை மூன்று புள்ளிகள் தாங்கினால் போதும். நான்காவது புள்ளியைச் சேர்த்தால் உறை ஆடத் தொடங்கும்.

தட்டு உறைக்குள் மிதக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் வெளியே இருக்கும்போது அது குலுங்காமல் பிடிபட்டிருக்க வேண்டும். உள்ளே போனதும் பிடி விலகி, ஸ்பிண்டில் மட்டுமே அதைத் தாங்க வேண்டும். உறைக்கும் சுழலும் தட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை வரைபடத்தில் உள்ள அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். உறை கோணலாக வார்க்கப்பட்டு, சூட்டில் வளைந்து, லேபிள் மேல் லேபிள் ஒட்டி அழுத்தப்பட்ட நிலையில் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள்.

மையப்படுத்தும் விதத்துக்கு 3.5 அங்குல ஃபிளாப்பியைப் போல அழகான பாடம் வேறில்லை. வீட்டில் ஒன்று கிடந்தால் திருப்பிப் பாருங்கள். நடுவில் எஃகுத் தகடு, அதில் ஏறக்குறைய சதுரமான ஒரு துளை, பக்கத்தில் நீள்வடிவத் துளை ஒன்று. ஸ்பிண்டிலின் உருண்டைத் தண்டு சதுரத் துளைக்குள் தாராளமாக நுழைகிறது, இறுக்கமே இல்லை. காந்தம் தகட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. ஸ்பிண்டில் சுழலத் தொடங்கியதும், ஸ்பிரிங்கில் நிற்கும் சிறு முளை நீள்துளைக்குள் விழுந்து, தகட்டைத் தள்ளுகிறது. சதுரத்தின் இரண்டு சுவர்கள் தண்டில் போய் ஒட்டிக்கொள்கின்றன. எப்போதும் அதே இரண்டு சுவர்கள், அதே மூலை. துளை மையத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் போதும். இதற்கு முந்தைய 5.25 அங்குல ஃபிளாப்பியில் மெல்லிய படலத்தின் நடுத்துளைக்குள் கூம்பு இறங்கி நெருக்கும்; துளையின் விளிம்பு மடங்கிப் போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். துல்லியமாகச் செய்வதைவிட மாறாமல் செய்வது மலிவு என்பதை எனக்குக் கற்றுத் தந்தது அந்தச் சதுரத் துளைதான்.

விலகலுக்கு ஒரு வரவுசெலவு

ஹெட் தன் தடத்திலிருந்து எவ்வளவு விலகலாம்? தட இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். 3.5 அங்குல ஃபிளாப்பியில் அங்குலத்துக்கு 135 தடங்கள், இடைவெளி சுமார் 188 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் 18 மைக்ரான் விலகலாம். எந்த வழிகாட்டியும் இல்லாமல், படிப்படியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டாரே ஹெட்டைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். இடைவெளியை 20 மைக்ரானாக்கினால் உங்கள் கையில் இருப்பது 2 மைக்ரான்தான்.

வெப்பம் என்ன செய்யும் என்று பார்ப்போம். அலுமினியத் தட்டில் மையத்திலிருந்து 60 மில்லிமீட்டர் தள்ளி ஒரு தடம். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் அது 14 மைக்ரான் வெளியே நகர்கிறது. ஹெட்டைத் தாங்கும் சட்டம் எஃகாக இருந்தால் அது பாதியளவே நகரும். மிச்சம் 6, 7 மைக்ரான் வித்தியாசம். நம் கையில் இருந்த 2 மைக்ரான் இங்கேயே தீர்ந்துவிட்டது. பாலியெஸ்டர் படலமாக இருந்தால் இன்னொரு தொல்லை: அது ஈரத்திலும் விரியும், இரண்டு திசைகளில் இரண்டு விதமாக விரியும். வட்டமாக எழுதிய தடம் நீள்வட்டமாகிவிடும்.

இந்த எல்லைக்கு வந்த பிறகு தட்டிலேயே வழிகாட்டிக் குறிகள் இருக்க வேண்டும். 1970இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 3330இல் தட்டு ஒன்றின் ஒரு முகத்தை முழுவதுமாக அதற்கென ஒதுக்கினார்கள். எல்எஸ்-120 ஃபிளாப்பியில் ஒளியால் படிக்கும் குறிகளைத் தட்டில் பதித்து, அங்குலத்துக்கு 2,490 தடங்கள் வரை போனார்கள். ஒரே தட்டுள்ள கார்ட்ரிட்ஜில் ஒரு முகத்தை ஒதுக்க முடியாது. டேட்டாவுக்கு இடையிடையே இந்த வழிகாட்டிக் குறிகளை, அதாவது சர்வோ குறிகளை, வைப்பதுதான் வழி. தொழிற்சாலையில் ஒருமுறை எழுதிய அந்தக் குறிகளை டிரைவ் எந்நாளும் அழிக்கக் கூடாது. சர்வோ குறி வரும் நேரத்தில் எழுதும் மின்னோட்டத்தை மென்பொருளை நம்பாமல் மின்சுற்றிலேயே துண்டியுங்கள்.

அடுத்து மையவிலகல். கார்ட்ரிட்ஜ் 25 மைக்ரான் விலகி உட்கார்ந்தால் தடம் ஒரு சுற்றுக்கு 50 மைக்ரான் அங்குமிங்கும் போய்வரும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் இது 50 ஹெர்ட்ஸ் அசைவு. அந்தக் குறிகளைப் பார்த்து ஹெட்டைத் தடத்தில் நிறுத்தும் சர்வோ 500 ஹெர்ட்ஸ் வரை பின்தொடரக்கூடியதென்றால், 25 மைக்ரான் விலகலை முப்பதில் ஒரு பங்காகவாவது குறைக்கும், மிச்சம் 0.8 மைக்ரான். கார்ட்ரிட்ஜ் உட்கார்ந்ததும் முதல் சில சுற்றுகளில் இந்த அசைவை அளந்து நினைவில் வைத்துக்கொண்டு, பின்பு முன்கூட்டியே ஹெட்டை அதற்கேற்ப ஆட்டினால் இன்னும் குறையும்.

இப்போது கூட்டல். பின்தொடர்தலில் மிச்சம் 0.8, சர்வோ குறி எழுதிய பிழை 0.6, ஹெட்டின் அகல வேறுபாடு 0.9, வெப்பத்தில் மிச்சம் 0.5, அதிர்வு 0.7. நேராகக் கூட்டினால் 3.5, நம்மிடம் இருப்பதோ 2. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பிழைகள் என்றால் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்கலாம், 1.6 வரும், பிழைத்தோம். ஆனால் இந்தச் சலுகையை எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடாதீர்கள். தேய்மானம் எப்போதும் ஒரே பக்கம்தான் நகரும். ஒரே அச்சில் வார்த்த உறைகளின் பிழைகள் எல்லாம் ஒரே திசையில்தான் இருக்கும். அவற்றை நேராகத்தான் கூட்ட வேண்டும். இதில் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் வரைபடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தூசி, காற்று, உறை

ஹெட் தட்டின் மேல் ஒரு மைக்ரானோ அதற்கும் கீழோ பறக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் அளவு. விரல் ரேகையின் எண்ணெய்ப் படிவே ஹெட்டுக்கு ஒரு மேடுதான்.

உறையில் ஹெட் நுழையும் வாயிலுக்கான ஷட்டர் தானாக மூட வேண்டும், டிரைவின் நெம்புகோல் மட்டுமே அதைத் திறக்க வேண்டும். பேசிக்கொண்டே ஷட்டரை விரலால் திறந்து மூடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அதனால் விரலுக்கு எட்டாத ஒரு பூட்டு வையுங்கள். ஹெட்டை இறக்குவதற்கு முன் தட்டை முழு வேகத்தில் சுழற்றி, 0.3 மைக்ரான் துகளைப் பிடிக்கும் ஃபில்டர் வழியாகக் காற்றைச் செலுத்தி, உள்ளே வந்த தூசியை வெளியேற்றுங்கள். எத்தனை விநாடி என்பதைத் துகள் எண்ணும் கருவியை வைத்து முடிவு செய்யுங்கள். விற்பனைப் பிரிவு அதைக் குறைக்கச் சொல்லும், விட்டுக்கொடுக்காதீர்கள். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடச் சற்று அதிகமாகவே இருக்கட்டும்.

உறையின் பிளாஸ்டிக்கைப் பற்றி ஒரு கசப்பான அனுபவம். ஒருமுறை முன்மாதிரி கார்ட்ரிட்ஜுகள் எல்லாச் சோதனைகளையும் தாண்டிவிட்டன. அடுத்த தொகுதி வந்ததும் ஹெட்டுகள் ஒவ்வொன்றாகத் தட்டில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கின. மூன்று வாரம் சர்வோவையும் மோட்டாரையும் குறைசொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஹெட் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தபோது அதன் ஓரத்தில் மிகச் சிறிய ஒரு துளி மின்னியது. சிலிக்கோன் எண்ணெய். உறையை அச்சிலிருந்து எளிதாக எடுக்க, வார்ப்பவர் அச்சில் அதைத் தெளித்திருந்தார். வரைபடத்தில் அதற்குத் தடை எழுதாதது என் பிழை. அன்றிலிருந்து என் ஒவ்வொரு வரைபடத்திலும் சிலிக்கோன் கூடாது, கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் கூடாது என்ற இரண்டு வரிகள் இருக்கின்றன. உறையின் இரு பாதிகளை மீயொலியால் ஒட்டினால், உருகிப் பிதுங்கும் பிளாஸ்டிக் உள்ளே உதிராமல் இருக்க, ஒட்டு வரிக்கு உட்புறம் ஒரு சிறு பள்ளமும் வேண்டும்.

பிளாஸ்டிக்குக்குள் சுழலும் தட்டில் நிலைமின்சாரம் சேரும். ஸ்பிண்டில் நுனியில் ஒரு கார்பன் பொத்தான் அதைத் தரைக்கு இறக்கிவிடும்.

ஏற்றுவதும் இறக்குவதும்

வரிசை முக்கியம். கார்ட்ரிட்ஜ் முழுவதும் உட்கார்ந்ததை ஒரு சென்சார் உறுதி செய்த பிறகே பூட்டு. பூட்டிய பிறகே சுழற்சி. முழு வேகம், தூசி நீக்கம் முடிந்த பிறகே ஹெட். வெளியே எடுக்கும்போது இதே வரிசை தலைகீழாக. ஹெட் முழுவதும் பின்வாங்கியதைச் சென்சார் சொல்லாமல் பூட்டு திறக்கக் கூடாது. இதை மென்பொருளிடம் மட்டும் விடாமல், ஹெட்டின் கை வெளியே நீட்டியிருக்கும்வரை பூட்டை இயந்திரமாகவே தடுக்கும் ஒரு கொக்கியைப் போடுங்கள்.

மின்சாரம் போனால்? தட்டு இன்னும் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. அந்த நொடியில் மோட்டாரே ஒரு ஜெனரேட்டர். அந்த மின்சாரத்தைக் கொண்டே ஹெட்டைப் பின்னுக்கு இழுங்கள். பெர்னூலி டிரைவைச் செய்தவர்கள் இதில் ஒருபடி மேலே போனார்கள். வளையும் தட்டு, நிலையான ஒரு பலகைக்கு அருகில் சுழலும்போது இடையே ஓடும் காற்றால் ஹெட்டை நோக்கி இழுக்கப்படுகிறது. வேகம் குறைந்தால் தட்டு தானாகவே தளர்ந்து ஹெட்டைவிட்டு விலகிவிடும். ஏதாவது தவறினால் இயற்கையே காப்பாற்றும் பக்கமாகச் சாய்ந்த வடிவமைப்பு அது. எனக்கு இன்றும் அதன்மேல் பெரிய மரியாதை.

மின்சாரமே இல்லாதபோது கார்ட்ரிட்ஜை எடுக்க, ஊசி நுழையும் துளை ஒன்றை முகப்பில் வையுங்கள்.

கைக்கும் கண்ணுக்கும்

தப்பாக நுழைக்க முடியாதபடி செய்யுங்கள். 3.5 அங்குல ஃபிளாப்பியில் ஒரு மூலை சீவப்பட்டிருக்கும். தலைகீழாக நுழைத்தால் பாதியில் நின்றுவிடும். எழுதுவதைத் தடுக்கும் துளையிலும் ஒரு நுட்பம் உண்டு. அதில் துளை மூடியிருந்தால்தான் எழுதலாம், திறந்திருந்தால் கூடாது. மூடி உடைந்து விழுந்தாலும் டேட்டா பிழைக்கும். 5.25 அங்குலத்தில் இது நேர்மாறாக இருந்தது: வெட்டை ஒரு ஒட்டுத்தாளால் மூடினால்தான் பாதுகாப்பு, ஒட்டுத்தாள் உரிந்தால் போச்சு.

கார்ட்ரிட்ஜ் கை தவறி விழும். மேசை உயரம் 750 மில்லிமீட்டர் என்று வையுங்கள். தரையில் 1 மில்லிமீட்டருக்குள் நின்றால் அதிர்ச்சி சராசரியாக 750 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 750 மடங்கு. 10 மில்லிமீட்டர் அமுங்கும் ரப்பர் இருந்தால் 75 ஜி. முழு ஹார்ட் டிஸ்க்கை உள்ளே வைக்கும் வகையில் இந்த ஒரு வகுத்தல்தான் உறையின் பருமனைத் தீர்மானிக்கும்.

சோதனை

ஒரு டிரைவில் எழுதி அதிலேயே படித்துப் பார்ப்பது சோதனையே ஆகாது. விலகலின் இரு எல்லைகளில் இருக்கும் டிரைவுகளை வேண்டுமென்றே உண்டாக்குங்கள்: ஒன்றின் ஹெட் உள்பக்கம் தள்ளி, மற்றதன் ஹெட் வெளிப்பக்கம் தள்ளி. குளிரில் ஒன்றில் எழுதி, சூட்டில் மற்றதில் படியுங்கள். பிறகு அந்த இரண்டாவது டிரைவில் மேலெழுதி, முதலாவதில் படியுங்கள். பழைய எழுத்தின் ஓரம் அழியாமல் நின்று குழப்புவது இங்கேதான் வெளிப்படும்.

கடைசியாகத் தொற்றுச் சோதனை. எங்கள் கார்ட்ரிட்ஜில் ஒரு சிறு ஜன்னல் வைத்தோம், அதன் பின்னால் சிவப்பு நாக்கு ஒன்று. டிரைவ் ஹெட்டை முதலில் டேட்டா இல்லாத வெளி ஓரத்தில் மட்டும் இறக்கி ஒரு சோதனைத் தடத்தைப் படிக்கும். சிக்னல் நடுங்கினால் உடனே ஹெட்டைப் பின்வாங்கி, நாக்கைத் தள்ளிவிட்டு, கார்ட்ரிட்ஜை வெளியே அனுப்பும். சிவப்பு நாக்கு தள்ளப்பட்ட கார்ட்ரிட்ஜைக் கண்டால் எந்த டிரைவும் ஹெட்டை இறக்காது. இரண்டு வேறு கார்ட்ரிட்ஜுகளை அடுத்தடுத்து ஒரே டிரைவ் நிராகரித்தால், அந்த டிரைவ் தன்னையே சந்தேகித்துப் பூட்டிக்கொள்ளும், மூன்றாவதை வாங்காது.

ஒரு தட்டின் ஓரத்தை உளியால் கீறி, அந்தக் கார்ட்ரிட்ஜைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை, படிக்கிறதா பாருங்கள் என்று மட்டும் கேட்டேன். முதல் டிரைவில் வைத்தார், வெளியே வந்துவிட்டது. இயல்பாகவே அடுத்த டிரைவுக்குப் போனார், பிறகு மூன்றாவதுக்கு. அப்புறம் முதல் டிரைவில் நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்றை வைத்துப் பார்த்தார். அது ஓடியது. கீறலுள்ளதைக் கையில் திருப்பி, ஜன்னலைக் காட்டி, "சார், இது ஏன் சிவப்பாக இருக்கிறது?" என்று கேட்டார்.